விறாந்தையில் ஓடிய ரயில்

“ரீச்சர், உந்தக் கல்லையெல்லாம் ஆர் இவ்வளவு நீட்டுக்குக் கொண்டுவந்து கொட்டினது?”

பள்ளிக்கூடம் விட்டு வருகிற வழியில் அந்தப் பிள்ளை என்னிடம் கேட்டாள். உடுவிலில் என் வீட்டுக்கு அடுத்த வளவுப் பிள்ளை. அப்போது ஏழு வயதிருக்கும். நான் படிப்பித்த பள்ளிக்கூடத்திலேயே படித்தாள், அதனால் மத்தியானத்தில் என்னோடுதான் நடந்து வருவாள். இரண்டு பேரும் அந்தக் கல் மேட்டைக் கடந்துகொண்டிருந்தோம்.

“இதிலைதான் பிள்ளை ரயில் ஓடினது.”

“கல்லுக்கு மேலையோ?”

தண்டவாளத்தையும் சிலிப்பர் கட்டைகளையும் பதுங்குகுழி கட்டக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். கல் மட்டும் கிடந்தது, நடுவில் நாயுருவி முளைத்திருந்தது. தொண்ணூறாம் ஆண்டு யுத்தம் திரும்பவும் தொடங்கியபோது நின்ற ரயில். அவள் சின்னக் குழந்தையாக அதன் சத்தத்தையாவது கேட்டிருப்பாள். நினைவில் ஒன்றுமில்லை. தடியால் மண்ணில் இரண்டு கோடு கீறிக் காட்டினேன். அதன்மேல் இரும்புச் சில்லு ஓடும், பின்னால் பெட்டி பெட்டியாக வரும் என்றேன். அவள் குனிந்து பார்த்தாள்.

“எங்கை போறது?”

“கொழும்புக்கு. அதுக்கு அங்காலையும் போகும்.”

“நீங்கள் போனனீங்களோ?”

அந்தக் கேள்வியை என்னிடம் யாரும் கேட்டு வெகு காலமாகியிருந்தது.

என் இருபதுகள் முழுவதும் தெற்கே கழிந்தன. காலிக்குப் பக்கத்தில் சிங்களவர் வாழும் ஒரு சின்னக் கடலோர ஊர். அங்கே தமிழ்ப் பிள்ளைகளுக்கான பள்ளிக்கூடமொன்றில் வேலை. எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு அகதிகளோடு கப்பலில் காங்கேசன்துறையில் வந்து இறங்கினேன். அம்மாவும் அப்பாவும் அதற்கு முன்பே இறந்துவிட்டார்கள். வீட்டில் அண்ணையின் குடும்பம் இருந்தது. கொஞ்சக் காலத்தில் அவர்களும் கனடாவுக்குப் போனார்கள். “நிலைமை சரிவர வாறம், அதுவரைக்கும் நீ வீட்டைப் பார்” என்று அண்ணை சொன்னார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பெரிய வீடு. அறைகளைப் பூட்டிவிட்டுக் குசினியிலும் விறாந்தையிலுமாக வாழ்ந்தேன்.

ஊருக்கு வந்த புதிதில் சொந்தக்காரர் எல்லோரும் என்னைப் பார்க்க வந்தார்கள். வந்தவர்கள் கேட்டது ஒன்றைத்தான்: “அவங்கள் என்ன செய்தவங்கள்?” எரிந்த கடைகளையும், தெருவில் ஓடியவர்களையும், முகாமில் படுத்ததையும் சொன்னேன். அதெல்லாம் உண்மை. ஆனால் அந்த ஊரில் நான் இருந்த மற்ற நாட்களைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. புத்தரின் வெசாக் பண்டிகைக் காலத்தில் மூங்கில் ஈர்க்கில் வெள்ளைக் கடதாசி ஒட்டி வாசலில் தொங்கவிடும் விளக்குக் கூடுகளைப் பற்றி, சித்திரை வருஷப்பிறப்புக்கு வாழையிலையில் வெட்டி வைக்கும் பாற்சோற்றைப் பற்றி, நான் சொல்ல வாயெடுத்தால் கேட்பவர்களின் முகம் மாறிவிடும். அவர்களிலும் பிழையில்லை. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு சாவு இருந்தது. நானும் பேசுவதை விட்டேன். என் வயதில் ஒரு பகுதி எங்கோ பெட்டியில் கிடப்பதுபோல இருந்தது. திறந்து காட்ட ஆளில்லை.

அதனால்தான் அந்தப் பிள்ளை “போனனீங்களோ?” என்று கேட்டவுடன் நான் கல் மேட்டிலேயே நின்றுவிட்டேன். வெயில் சுட்டது. “வீட்டை வா, சொல்லுறன்” என்றேன்.

அன்று பின்னேரம் அவள் தனியே வரவில்லை. தன் ஒன்றுவிட்ட தம்பியையும், பின் வளவுப் பிள்ளைகள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு வந்தாள். விறாந்தையில் சுவரோடு கிடந்த, நாலைந்து பேர் இருக்கக்கூடிய நீண்ட மர வாங்கை இழுத்து நடுவில் போட்டேன். ஒருவருக்குப் பின் ஒருவராக இருத்தினேன். தம்பிப் பொடியன் தான்தான் ரயில் கார்ட் என்று அடம்பிடித்து, பூவரசம் இலையைச் சுருட்டி ஊதினான். சுன்னாகத்தில் ஏறினோம். இணுவில், கோண்டாவில், கொக்குவில் என்று நான் சொல்லச் சொல்ல அவர்களும் சொன்னார்கள். அதுவரை தெரிந்த பெயர்கள். சாவகச்சேரியில் ஒருத்தியின் பெரியம்மா இருந்தபடியால் அவள் இறங்கப் போகிறேன் என்றாள். கொடிகாமத்தில் தேங்காய் ஏற்றினோம். ஆனையிறவு கடந்தவுடன் சத்தம் குறைந்தது. அதற்கு அப்பால் என்ன இருக்கிறதென்று அவர்களுக்குத் தெரியாது.

“முறிகண்டி வருகுது. பிள்ளையாரைக் கும்பிட்டிட்டுக் கச்சான் கடலை வாங்குங்கோ” என்றேன்.

அநுராதபுரத்தில் யன்னலால் பார்க்கச் சொன்னேன். பெரிய வெள்ளை மணியைக் கவிழ்த்து வைத்ததுபோலத் தெரியும், அதுதான் புத்த கோயில் என்றேன். எல்லோரும் வேலிப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். வேலிக்கு அப்பால் மரவள்ளித் தோட்டம். அந்தப் பிள்ளை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள்.

மாகோவில் நான் எழுந்து வடைக்காரன் ஆனேன். தலையில் சுளகை வைத்துக்கொண்டு, “வடே, வடே, உணு உணு வடே!” என்று வாங்கைச் சுற்றி நடந்தேன். அந்தச் சத்தம் என் வாயிலிருந்து வந்தபோது எனக்கே உடம்பு கூசியது. அத்தனை வருஷத்துக்குப் பிறகு.

“உணு எண்டால் என்ன ரீச்சர்?”

“சிங்களத்திலை சூடு.”

“எங்கடை வடையை அவையள் எப்ப எடுத்தவை?”

“ஆரும் எடுக்கேல்லைப் பிள்ளை. அது தானாய் ரயிலேறிப் போனது.”

அவர்கள் சிரித்த சிரிப்பில் பின் வளவுத் தாய் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

அப்படித்தான் தொடங்கியது. பின்னேரங்களில் வருவார்கள். சில நாட்களில் பலாலி ஆமி முகாம் பக்கமிருந்து ஷெல் சத்தம் கேட்டால் ஒருவரும் வரமாட்டார்கள், நான் வாங்கில் தனியே இருப்பேன். மற்ற நாட்களில் ரயில் போகும். கொழும்பில் மாறி ஏறித் தெற்கே போகும் ரயிலில்தான் அவர்களுக்குப் பெரிய ஆசை. அந்தப் பாதையில் கடல் யன்னலோடு வரும், அலை பெரிதாக அடித்தால் தூவானம் முகத்தில் படும் என்று சொல்லியிருந்தேன். எங்கள் ஊரிலிருந்து கடல் அப்படியொன்றும் தூரமில்லை. ஆனால் கீரிமலைப் பக்கம் ஆமி இருந்ததால் அந்தப் பிள்ளைகளில் இரண்டு பேர் கடலைக் கண்டதேயில்லை. “கை கழுவுற கிண்ணத்திலை தண்ணி வச்சு ஆட்டிக் காட்டுங்கோ” என்றான் கார்ட். ஆட்டிக் காட்டினேன். அவன் திருப்தியடையவில்லை.

அந்த நாட்களில் பிள்ளைகள் எதைக் கேட்டாலும் பெரியவர்கள் “சும்மா இரு” என்பார்கள். லைற் எப்ப வரும்? சவர்க்காரம் ஏன் இல்லை? அப்பா எப்ப வருவார்? பதில் இல்லாத கேள்விகளாகவே இருந்தன. வகுப்பிலும் கண்டிருக்கிறேன், கேட்பதை நிறுத்திவிட்ட பிள்ளைகளை. கை கட்டி, வாய் பொத்தி, நல்ல பிள்ளைகள். அவர்களைப் பார்க்கத்தான் எனக்குப் பயமாக இருக்கும். அதனால் என் விறாந்தையில் யாரும் எதையும் கேட்கலாம் என்று வைத்தேன். கேட்டார்கள். அங்கேயும் மழை பெய்யுமா? அங்கேயும் பிள்ளைகள் முட்டாள் என்று அடி வாங்குவார்களா? அவர்கள் செத்தால் எரிக்கிறதா, மண்ணில் தாழ்க்கிறதா? தெரிந்ததைச் சொன்னேன், தெரியாததைத் தெரியாது என்றேன். தெரியாது என்று ஒரு ரீச்சர் சொல்வது அவர்களுக்குப் பெரிய வேடிக்கை.

அந்தப் பிள்ளையின் கேள்விகள் வேறு மாதிரி. அவள் இடங்களைக் கேட்பதில்லை, ஆட்களைக் கேட்பாள்.

“நீங்கள் அங்கை ஆரின்ரை வீட்டிலை இருந்தனீங்கள்?”

வீட்டுக்காரம்மாவைப் பற்றிச் சொன்னேன். வயதான சிங்கள விதவை, பொல்லாத வாய். நான் தலைக்கு எண்ணெய் வைத்துத் தலையணையை ஊத்தையாக்குகிறேன் என்று திட்டுவாள். என் மயிர் வாய்க்காலை அடைக்கிறது என்று அதற்கும் திட்டுவாள். கலவரம் அந்த ஊருக்கு வந்த நாளில் என்னை அரிசி மூட்டை வைக்கும் அறைக்குள் தள்ளிப் பூட்டினாள். பிறகு அந்தக் கதவுக்கு முன்னால் திருவலையைப் போட்டு இருந்துகொண்டு தேங்காய் துருவத் தொடங்கினாள். ஆட்கள் வந்தார்கள், நான் எங்கே என்று கேட்டார்கள். அவள் தலை நிமிராமல் எல்லோரையும் திட்டினாள், என்னைத் திட்டுகிற அதே குரலில். அவர்கள் போன பிறகும் துருவினாள். எனக்குக் கேட்டதெல்லாம் அந்தச் சத்தம்தான்.

“ஏன் அவ்வளவு தேங்காய்?”

“தெரியாது. கை நிக்கேல்லைப் போலை.”

“பிறகு அந்தத் தேங்காய்ப்பூவை என்ன செய்தவ?”

“பால் பிழிஞ்சு, சக்கரை போட்டுத் தொதல் கிண்டினா. என்னை முகாமுக்கு அனுப்பேக்கை ஒரு பார்சல் தந்துவிட்டவ.”

“அவையளும் தொதல் சாப்பிடுறவையோ?” என்றான் கார்ட், அதிர்ச்சியோடு.

அந்தப் பிள்ளை சிரிக்கவில்லை. முழங்காலைக் கட்டிக்கொண்டு இருந்தாள். “அவ இப்ப உங்களை நினைப்பாவோ ரீச்சர்?” என்று கேட்டாள்.

நான் எழுந்து தேத்தண்ணி வைக்கப் போனேன். பனங்கட்டியைத் தேடுவதுபோலக் குசினியில் கொஞ்ச நேரம் நின்றேன்.

சிங்களத்தில் நாலைந்து சொல்லும் பழகிக்கொண்டார்கள். நான் பாடமாகப் படிப்பிக்கவில்லை. ரயில் என்றால் ஆட்கள் ஏறுவார்கள், ஏறுபவர்கள் கதைப்பார்கள் அல்லவா? புதிதாக ஏறுகிறவர் பக்கத்தில் இருப்பவரிடம் “கொஹெத யன்னே?” என்று கேட்க வேண்டும். எங்கே போகிறீர்கள் என்று அர்த்தம். கேட்கப்பட்டவர் தன் இஷ்டத்துக்கு ஓர் ஊரைச் சொல்ல வேண்டும். கண்டி என்பார்கள், லண்டன் என்பார்கள். கார்ட் ஒருமுறை சந்திரன் என்றான்.

அந்த ‘கொஹெத யன்னே’தான் வினையானது.

அந்தப் பிள்ளையின் தகப்பன் ஜெர்மனியில் இருந்தார். தாய் மகளோடு தனியே இருந்தாள். தாயின் ஒரே தம்பி முந்திய வருஷம் சைக்கிளில் வெங்காயம் கட்டிக்கொண்டு சந்தைக்குப் போனபோது விமானம் போட்ட குண்டில் செத்தவன். அவனுடைய முதலாம் ஆண்டுத் திவசத்தன்று தாய் குளித்து, ஈரத் தலையோடு பூத்தட்டும் கையுமாகக் கோயிலுக்கு வெளிக்கிட்டிருக்கிறாள். வேலிப் படலையில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளை, விறாந்தை ரயிலின் பழக்கத்தில், “அம்மா, கொஹெத யன்னே?” என்று கேட்டிருக்கிறாள்.

பூத்தட்டு விழுந்த சத்தம் என் முற்றத்துக்குக் கேட்டது. பிறகு அடி விழுந்த சத்தமும்.

பின்னேரம் தாய் வந்தாள். படலைக்கு வெளியிலேயே நின்றாள். அழுது முகம் வீங்கியிருந்தது.

“கோவிக்காதேங்கோ ரீச்சர். நீங்கள் பிள்ளையளோடை ஆசையாய் இருக்கிறியள், எனக்கு விளங்குது. ஆனால் என்ரை தம்பியைக் கொண்டவையின்ரை பாஷை என்ரை வளவுக்குள்ளை வேண்டாம்.”

“ஓம்” என்றேன்.

தேங்காய் துருவிய கிழவியின் கதையைச் சொல்லலாம். தம்பியின் திவச நாளில் வந்து நிற்பவளிடம் அது எப்படி எடுபடும்? அவள் சொன்னதும் சரி. நான் பிள்ளைகளுக்குச் சொன்னதும் பிழையில்லை. இரண்டும் ஒரே முற்றத்தில் நின்றன, ஒன்றையொன்று பார்க்காமல்.

அந்தப் பிள்ளை வருவதை நிறுத்தினாள். விஷயம் பரவி மற்றப் பிள்ளைகளும் ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். கார்ட் மட்டும் இரண்டொரு தரம் வந்து வாங்கில் தனியே இருந்துவிட்டு, “ஆக்கள் இல்லாட்டில் ரயில் எடுக்கேலாது ரீச்சர்” என்று போய்விட்டான். பள்ளிக்கூடத்திலிருந்து நான் தனியே நடந்து வந்தேன். எனக்கு முன்னால் அந்தப் பிள்ளை தாயின் கையைப் பிடித்துக்கொண்டு போவாள். கல் மேட்டில் ஏறும்போது ஒருமுறை திரும்பிப் பார்ப்பாள்.

அந்த மாதங்கள்தான் எனக்கு மிகவும் கடினமானவை. அண்ணையின் குடும்பம் போனபோதுகூட வீடு அவ்வளவு வெறுமையாக இருக்கவில்லை. பேசாமல் இருந்து பழகியவள்தான் நான். ஆனால் பேசிவிட்டுத் திரும்பவும் பேசாமல் இருப்பது வேறு. சமைக்கும்போது அநுராதபுரத்தைத் தாண்டிய ஸ்டேஷன் பெயர்களை வாய்க்குள் சொல்லிப் பார்ப்பேன். ஒரு பெயர் விடுபட்டுவிடும். எது விடுபட்டது என்று கேட்க ஆளிருக்காது. பின்னேரமானால் படலையைப் பார்ப்பேன், பிறகு என்னிலேயே எரிச்சல் வந்து கிணற்றடிக்குப் போய்விடுவேன்.

மாரி முடிந்து பனி தொடங்கிய காலத்தில் ஒருநாள் குசினி வாசலில் நிழல் விழுந்தது. தாய் நின்றாள். பின்னால் மகள்.

“ரீச்சர், வெளியிலை போகப் பாஸ் கிடைச்சிட்டுது. இவளின்ரை அப்பா எங்களை ஜெர்மனிக்குக் கூப்பிட எல்லாம் ஒழுங்கு செய்திட்டார். கிளாலிக் கடலாலை வள்ளத்திலை போய், வவுனியா போய், கொழும்பிலை லொட்ஜிலை நிக்க வேணுமாம்.” கொஞ்சம் நிறுத்தினாள். “நான் யாழ்ப்பாணத்தைத் தாண்டிப் போனதில்லை.”

“இருங்கோ” என்று பலகையைத் தள்ளிவிட்டேன்.

அவள் இருந்தாள். சீலைத் தலைப்பைத் திருகிக்கொண்டே இருந்தாள். “எனக்கு ரெண்டு சொல்லுச் சொல்லித் தாங்கோ ரீச்சர். செக் பொயின்ரிலை கேட்டால் நான் ஊமை மாதிரி நிக்கக் கூடாது. பிள்ளையையும் வச்சுக்கொண்டு.”

அடுப்பில் கத்தரிக்காய் வெந்துகொண்டிருந்தது. நான் தொடங்கினேன். தண்ணிக்கு வதுர. எவ்வளவு என்பதற்குக் கீயத. எனக்கு விளங்கவில்லை என்பதற்கு மட்ட தேரென்னே நே. அவளுக்கு நாக்குப் புரளவில்லை. வதுர என்பதை வதிர வதிர என்றாள். மகள் பின்னாலிருந்து, “அப்பிடி இல்லை அம்மா” என்று மெல்லத் திருத்தினாள். தாய் திரும்பிப் பார்த்தாள். பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டாள்.

“சொல்லு” என்றாள் தாய். “நீ சொல்லு, நான் கேக்கிறன்.”

பிறகு நான் கத்தரிக்காயைக் கிளறினேன். படிப்பித்தது மகள்தான். வாங்கில் இருந்து கேட்ட ஒவ்வொன்றையும் அவள் மறக்காமல் வைத்திருந்தாள். வடைக்காரனின் சத்தத்தைக்கூட.

“அவங்கள் முதல் என்ன கேப்பாங்கள்?” என்றாள் தாய்.

நான் பிள்ளையைப் பார்த்தேன். பிள்ளை என்னைப் பார்த்தாள். எங்கள் இருவரையும் பார்த்த தாய்க்கு விளங்கிவிட்டது.

“அதுதானோ?” என்றாள். “அதுக்குத்தானே நான் இவளுக்கு அடிச்சனான்.”

பிறகு அவள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு, தனக்குத்தானே சொல்வதுபோல அந்த இரண்டு சொல்லையும் சொன்னாள். பிழையில்லாமல் சொன்னாள். கண்ணீர் ஓடியது, துடைக்கவில்லை. மகள் எழுந்து வந்து தாயின் முதுகோடு ஒட்டிக்கொண்டு நின்றாள்.

போகிற நாள்வரை இருவரும் வந்தார்கள். தாய் எழுதிக்கொள்ளவில்லை, எழுதிய தாளோடு பிடிபட்டால் ஏதும் நினைப்பார்கள் என்று பயம். வாயாலேயே பாடமாக்கினாள். கடைசி நாளில், போகும்போது, “அந்தக் கிழவி இருந்த ஊர் லொட்ஜுக்குக் கிட்டவோ ரீச்சர்?” என்று என்னைக் கேட்டாள். மகள் அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டும். இல்லை, தூரம் என்றேன். அவள் தலையாட்டினாள்.

மருதனார்மடச் சந்தி வரை அவர்களின் மூட்டையைச் சைக்கிளில் வைத்து உருட்டிக்கொண்டு கூடப் போனேன். வானுக்கு நின்றோம். பிள்ளை என் கையைப் பிடித்திருந்தாள்.

“நீங்களும் வாங்கோவன் ரீச்சர்.”

“நான் வீடு பாக்க வேணுமெல்லோ.”

“வீட்டை ஆர் தூக்கிக்கொண்டு போகப் போகினம்?”

தாய் அவளை அதட்டினாள். வான் வந்தது, ஆட்களும் மூட்டைகளுமாக ஏற இடமில்லாமல். யாரோ பிள்ளையை யன்னலால் தூக்கி உள்ளே எடுத்தார்கள். அவள் யாரோ ஒருவரின் மடியில் இருந்துகொண்டு, வெளியில் என்னைத் தேடாமல், உள்ளே இருப்பவர்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்க்கத் தொடங்கியிருந்தாள். நான் அதைக் கண்டேன். அதுதான் நான் விரும்பியது என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். சைக்கிளை உருட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

வெகு நாள் ஒரு செய்தியும் இல்லை. கிளாலியில் போன வள்ளங்களைப் பற்றிக் கெட்ட கதைகள் வரும்போதெல்லாம் போனவர்களின் பெயர்களை விசாரிப்பேன். கடைசியில் சுன்னாகம் சந்தையில் அந்தத் தாயின் மாமி முறையான ஒருத்தியைக் கண்டேன். மரவள்ளிக்கிழங்கை முறித்து முறித்துப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“அவையள் போய்ச் சேர்ந்திட்டினம் ரீச்சர், தெரியாதே? ஜெர்மனியிலை. பள்ளிக்கூடத்திலை முதல் நாளே பெட்டை எல்லாரோடையும் போய்க் கதைச்சவளாம். பாஷையே தெரியாமல். அங்கத்தை ரீச்சர்மாருக்குப் பெரிய ஆச்சரியமாம்.”

“தாய் எப்பிடி?”

“அவளுக்குக் குளிர்தான் ஒத்துக்கொள்ளேல்லையாம். முந்தியிலும் பாக்க வெளியிலை போய் வாறாளாம்.”

நான் கொஞ்சம் தயங்கினேன். “என்னைப் பற்றி ஏதும் கேட்டவையோ?”

“அது எனக்குச் சொல்லேல்லை ரீச்சர்” என்று அவள் கிழங்கைக் கூடைக்குள் போட்டாள். “ரெலிபோன் எண்டால் ஒரு நிமிஷம்தானே. அதுவும் இஞ்சையிருந்து கொழும்புக்குப் போய் வந்த ஆள் சொல்லித்தான் எங்களுக்கே தெரியும்.”

“ஓம், ஓம்” என்றேன்.

நானும் கிழங்கு வாங்கினேன், ஒருத்திக்குக் காணும் அளவில். வெயில் ஏறியிருந்தது. வீட்டுக்கு வந்து கிணற்றில் தண்ணீர் அள்ளி முகம் கழுவினேன். கிழங்கை அவித்து, கட்டைச் சம்பலோடு குசினி வாசலில் இருந்து சாப்பிட்டேன். சந்தோஷமாகத்தான் இருந்தது. அதைச் சொல்லத்தான் வீட்டில் யாருமில்லை.